கிள்ளிப் போட்ட இலை

ஆனி பிறந்ததுமே குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. சனமெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓட, ஜெயசித்ரா மட்டும் சட்டி பானையோடு ஐந்தருவிப் பாதையில் வந்து இறங்கினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. புருஷன் வேல்ராஜ் லடாக்கில் பட்டாளத்துக்காரன், போன் கிடைத்தால் அதிசயம். கூட இருந்தது மகள் ஸ்ரீவித்யா மட்டும்தான். ஐந்து வயசு. தயிர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது அவளுக்கு.

வீட்டுக்காரர் செல்லச்சாமி அண்ணாச்சி சாவியை நீட்டிவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். போன சாரலில் செத்துப்போன தங்கச்சி ஆனந்தவள்ளி இருந்த வீடாம். நார்வேயில் வெகுகாலம் நர்ஸ் வேலை பார்த்தவள், திரும்பி வந்தபின் வெயில் ஒத்துக்கொள்ளாமல் இந்தக் குளிரைத் தேடி வந்தாளாம். அவள் போனதிலிருந்து வீடு பூட்டியேதான் கிடந்ததாம்.

அடுப்படி ஜன்னலில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர். அதில் வரிசையாக மண்சட்டிகள். வெளிர்பச்சை இலைகள் மண்ணோடு படிந்து, எண்ணெய் தடவினாற்போல மினுங்கின. பட்டர்வோர்ட் என்று பேராம், குளிர்தேசத்துச் செடி. இலையில் கொசு உட்கார்ந்தால் தீர்ந்தது, ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கரைந்து செடிக்கே சாப்பாடாகிவிடும். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர்தான் ஊற்றணும் என்று அண்ணாச்சி வெளியில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

பூட்டிய வீட்டில் இத்தனை நாளாய் யார் ஊற்றினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. சாமான் இறக்குகிற அவசரத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

சாரல் குளிரில் பால் உறைந்தால்தானே! கடையில் வாங்கிய தயிரைக் கலந்து வைத்தாலும் விடியக்காலையில் பால் பாலாகவே கிடந்தது. பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினியாய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டு நூருன்னிசாவிடம் கெட்டியாய்க் கொஞ்சம் உறைமோர் கேட்கலாமென்றால் விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்தபின் உறைமோர் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே, இருட்டில், ஒரு பொம்பளைக் குரல் தணிந்து பேசியது.

"அந்த எலையில ஒண்ணக் கிள்ளிப் போடு. ஒறஞ்சிரும்."

நூருன்னிசா அக்காதான் போல. "சரிக்கா" என்றாள். எட்டிப் பார்த்தபோது தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

காலையில் கட்டித் தயிர். கரண்டியைத் தூக்கினால் நூலாக நீண்டது, ஈரமண் வாசம் அடித்தது. பிள்ளை கிண்ணத்தை நக்கி நக்கித் தின்றாள். பெற்றவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது. அப்புறம் இலை தேவைப்படவில்லை. இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாளைய பாலுக்கு. வீட்டுக்கு வீடு நடக்கிறதுதானே.

ஆனால் பிள்ளை வேறெதையும் தொடமாட்டேன் என்றாள். விளையாட்டு போச்சு, பேச்சு போச்சு. எண்ணெயே வைக்காத கை மினுமினுவென்று பிசுபிசுத்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஸ்ரீவித்யா அடுப்படி ஜன்னலில் ஆடாமல் அசையாமல் நின்றாள். இரண்டு கையையும் வெளியே நீட்டியிருந்தாள்.

கையில் கொசு ஒட்டியிருந்தது.

தோள்வரைக்கும் கொசு.

சிலதில் உடம்பு கரைந்து இறகு மட்டும் மிச்சம்.

ஜெயசித்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நூருன்னிசா அப்போதுதான் பையோடு வாசலைத் திறந்துகொண்டிருந்தாள். இவர்கள் குடிவந்த அன்றைக்குச் சாயங்காலமே புளியறைக்கு மகள் வீட்டுக்குப் போனவளாம்.

"நான் எங்கன தாயி வந்தேன்? எலையப் போட்டு ஒற ஊத்துதது வள்ளியக்கா பழக்கம்லா. அந்த நாட்டுல அப்படித்தான் செய்வாங்களாம்." அவள் குரல் இறங்கியது. "அடுப்படியிலதான் செத்துக் கெடந்தா. மேலெல்லாம் கொசு ஒட்டி..."

 செடி, சட்டி, தயிர்ப்பானை எல்லாவற்றையும் ஓடையில் வீசிவிட்டு, ஜெயசித்ரா தென்காசி பஸ்ஸில் ஏறி அக்கா ஜெயபிரியா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தென்காசியில் அன்றைக்குச் சுள்ளென்று வெயில். பிள்ளையின் கை காய்ந்தது. சாயங்காலம் கேட்டு வாங்கி இட்லி தின்றாள், ஒருதரம் சிரித்தாள்கூட. போன உயிர் திரும்பி வந்தாற்போல ஜெயசித்ரா அழுதே விட்டாள்.

காலையில் அடுப்படியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி சித்ரா, காப்பிக்கு வச்சிருந்த பாலுக்கு நீயா ஒற ஊத்துன? என்னா கெட்டி! எங்க வீட்டுல எல்லாரும் தின்னாச்சு. எதுத்த வீட்டுக்காரி வந்து ஒறைக்குன்னு கேட்டா, ஒரு கிண்ணம் குடுத்துவிட்டேன்."

கரண்டியிலிருந்து தயிர் நூலாக நீண்டுகொண்டிருந்தது. ஈரமண் வாசம்.

கதவோரம் ஸ்ரீவித்யா நின்றாள்.

"நாந்தாம்மா. வெரல முக்குனேன். அத்தை சொல்லிக் குடுத்தா."

அக்கா பிள்ளைக்குப் பெரியம்மா; எந்த அத்தை என்று கேட்டாள் ஜெயசித்ரா. பிள்ளை அந்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நுனியில் ஒரு கொசு, இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது.