நீல ராணிக்குச் சூடு ஆகாது

செல்போன் அலறியது!

செயலாளர் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். கையில் ஸ்பானர். மூக்கு நுனியில் ஒரு சொட்டு ஆயில்.

பழைய கார் சங்கத்தின் செயலாளர் அவர். ஊரே அவரைச் 'செயலாளர்' என்றுதான் கூப்பிடும். மனைவி மட்டும் வேறு பெயர் வைத்திருந்தாள்; அதை அச்சில் போட முடியாது. அவளும் இப்போது வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம், கார்பரேட்டர். கழற்றிய கார்பரேட்டரை அவர் காய் நறுக்கும் பலகையில் வைத்துக் கழுவியதுதான் காரணம்.

போன் விடுவதாக இல்லை.

உருண்டு வெளியே வந்து எடுத்தார்.

"ஹலோ?"

"செயலாளர்தானே? இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். கறாரான குரல். "பல் டாக்டர் உங்க சிநேகிதர்தானே?"

"ஆமா மேடம்... என்ன விஷயம்?"

"இறந்துட்டார். அவரோட கார் ஷெட்ல. காருக்குள்ளேயே... டிரைவர் சீட்ல!"

ஸ்பானர் கை நழுவி விழுந்தது.

"ஐயோ..." என்றார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

எதிர்முனையில் குரல் ஏறியது.

"மனுஷன் செத்துட்டார்ங்கறேன்... நீங்க வண்டியை விசாரிக்கறீங்க?"

"இல்ல மேடம்... வாய் தவறி..."

"அந்த வாயையும் கூட்டிக்கிட்டு உடனே இங்க வாங்க!"

*

டாக்டர் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். சுற்றியிருந்த மாடிகளில் எல்லாம் தலைகள்.

ஷெட்டின் ஷட்டர் முழுதாக மேலேறியிருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சர். வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே டாக்டரின் பாதங்கள். ஒன்றில்தான் செருப்பு இருந்தது.

செயலாளர் பார்த்தார். கை கூப்பினார். கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

கலங்கிய அந்தக் கண், அவரைக் கேட்காமலே இடது பக்கம் திரும்பியது.

நீல ராணி!

இரண்டே கதவு. நீண்ட மூக்கு. மழைக்கு முன்னால் வானத்துக்கு வருமே, அந்த நீலம். முன்னும் பின்னும் குரோம் பம்பர், அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். தயாரித்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த வகையில் ஓடுகிற வண்டி உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும், பிறந்த அன்று வைத்த அதே இன்ஜின் அதே நம்பரோடு துடிப்பது இது ஒன்றில்தான்!

வீட்டை விற்றாவது வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு முறை கெஞ்சியிருக்கிறார் செயலாளர்.

டாக்டர் சிரித்தார். "வீட்டை வித்துட்டா ராணியை எங்கய்யா நிறுத்துவே?"

இன்ஸ்பெக்டர் ராணியின் மட்கார்டில் சாய்ந்தபடி அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டிய முடி. தூங்கிப் பல நாளான கண்கள்.

"வாங்க சார். என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்... அந்த பெல்ட்... பக்கிள் உரசினா பெயின்ட்ல கீறல்..."

இன்ஸ்பெக்டர் நிதானமாக நிமிர்ந்து நின்றாள். கான்ஸ்டபிளைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் தலையாட்டினார். 'ஆள் இவன்தான்' என்று அர்த்தம்!

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டரம்மா. செத்தவரின் மனைவி. கைக்குட்டை நனைந்து உருண்டையாகியிருந்தது.

"வாங்கண்ணா... உங்க சிநேகிதரை இந்தச் சனியன் முழுங்கிருச்சு, பாத்தீங்களா! சக்களத்தி! வித்துத் தொலைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே..."

"அழாதீங்கம்மா," என்றாள் இன்ஸ்பெக்டர். "காலையில நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க. இவர் காதுலயும் விழட்டும்."

"தினமும் பண்றதுதான். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அதோட உறுமலைக் கேட்டுக்கிட்டே காபி குடிப்பார். காபியைக் கொடுத்துட்டு நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா ஷட்டர் முழுசா கீழ. சத்தமே இல்ல. தூக்கினேன்... ஒரே புகை நாத்தம்! அலறிக்கிட்டு வெளிய ஓடினவதான். பக்கத்து வீட்டுக்காரர்தான் உள்ள போய்ப் பாத்தார்."

"வண்டியில கை வச்சீங்களா?"

"நானா! இதுக்குச் சாவியை எங்க சொருகறதுன்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

இன்ஸ்பெக்டர் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"மூடின ஷெட்டு. ஓடற இன்ஜின். புகை. ஷட்டர் தானா இறங்கிருச்சு, விபத்துன்னு எழுதிட்டு நான் காபி குடிக்கப் போயிருப்பேன். ஒண்ணே ஒண்ணு இடிக்குது."

"என்ன மேடம்?"

"இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்திருக்கணும். டேங்க்ல பெட்ரோல் பாதிக்கு மேல இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் வந்தப்ப வண்டி அமைதியா நிக்குது. டாக்டர் சீட்ல கிடக்கறார். சாவி... அதோ!"

சுவர் ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"செத்தவர் எழுந்து வந்து சாவியை மாட்டிட்டுத் திரும்பப் போய் உக்காந்தாரா?"

செயலாளர் சாவியைப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும்! ஆனால் பழைய கார்க்காரனுக்கு வாய் ஒரு கியரில்தான் ஓடும்.

"சாவியை மட்டும் திருப்பினா ராணி அடங்க மாட்டா மேடம். டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு குழாய் இருக்கு. முதல்ல அதை மூடணும். மிச்ச பெட்ரோல் எரிஞ்சு தீர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம்தான் சாவி. இல்லேன்னா கார்பரேட்டர் நிரம்பி வழிஞ்சிரும்."

கான்ஸ்டபிள் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். "குழாய் மூடியிருக்கு மேடம்!"

"அப்ப வந்தவன் வண்டியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவன்." இன்ஸ்பெக்டர் ஒரு அடி நெருங்கினாள். "உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சிருக்கே, செயலாளர் சார்!"

"மேடம்!"

"காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்ல. என் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன்."

"யார் பாத்தாங்க?"

"வண்டி..."

"வண்டி சாட்சி சொல்லுமா? போன வாரம் சங்கத்துக் கூட்டத்துல டாக்டரைப் பாத்து என்னமோ கத்தினீங்களாமே. என்ன அது?"

செயலாளர் கத்தியது உண்மை. டாக்டர் அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று அணுகுண்டு போட்டார். ராணியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரி மோட்டார் வைக்கப் போகிறாராம்! பார்ட்ஸ் கிடைக்கவில்லையாம். புகை வருகிறதாம். பட்டனைத் தட்டினால் ஓட வேண்டுமாம்!

நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒரு பெரியவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"சொல்லுங்க. என்ன கத்தினீங்க?"

"அந்த இன்ஜின்ல கை வச்சா... உன்னை உயிரோட விட மாட்டேன்னு..."

"இன்னிக்குத்தான் மெக்கானிக் வந்து இன்ஜினைக் கழட்டறதா இருந்தது. இன்னிக்குக் காலையில டாக்டர் செத்துட்டார்!" இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினாள். "ஷட்டரை இறக்கி ஆளை முடிச்சது ஒருத்தன். அதே ஆளுதான் வண்டி வீணாகக் கூடாதுன்னு திரும்ப வந்து அணைச்சிருக்கான். மனுஷனைக் கொல்ல மனசு வந்திருக்கு. இன்ஜினைக் கொல்ல மனசு வரலை. இந்த ஊர்ல அப்படி யார் இருக்கா? நீங்களே சொல்லுங்க!"

செயலாளர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். அவருக்கும் தன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை!

கண்ணுக்குள் கைவிலங்கு தெரிந்தது. கம்பிகள் தெரிந்தன. இனி வாயைத் திறந்தால் தூக்கு. ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை கார் பற்றிப் பேசினாலும் கழுத்தில் சுருக்கு!

பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் ஹாரன் சத்தம். வண்டிகளை இழுத்துப் போகும் ரெக்கவரி லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. டிரைவர் குதித்து இறங்கினான். கையில் இரும்புக் கொக்கி. துருப்பிடித்த சங்கிலி.

"இந்த வண்டி சாட்சிப் பொருள். ஸ்டேஷனுக்குப் போகணும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"எங்க மேடம் மாட்டறது?"

"முன்னாடி பம்பர்ல மாட்டி இழுய்யா! வாடிப் போறதுக்கு இதென்ன பூவா?"

பம்பரில்!

இன்ஸ்பெக்டர் ராணியைப் பார்க்கவில்லை. செயலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது... பொறி! கத்தினால் தொலைந்தார்!

டிரைவர் மண்டியிட்டான். சங்கிலி கலகலத்தது.

செயலாளர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொக்கி குரோமை நெருங்கியது... நெருங்கியது... கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூச்சு முட்டியது. இதோ, தொடப் போகிறது...

"டேய்ய்ய்!"

ஷெட்டே அதிர்ந்தது!

செயலாளர் பதறிப்போய்த் தன் வாயைத் தடவிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

"எட்றா கையை! பம்பர்லயாடா மாட்டுவே? அது வெறும் தகடுடா, பிச்சுக்கிட்டு வந்துரும்! குனிஞ்சு பாரு, முன் ஆக்ஸில் தெரியுதா? அதுல துணியைச் சுத்தி மாட்டு! ஹேண்ட் பிரேக்கை எடுத்தியா? அது டேஷ்போர்டுக்கு அடியில இருக்கு. திருப்பிட்டு உள்ள தள்ளணும், சும்மா இழுத்தா வராது, முட்டாளே!"

பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

டாக்டரம்மா ராணிக்கும் கொக்கிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் விரித்து. குழந்தையை மறைக்கிற தாய் போல.

"சாவியை எங்க சொருகறதுன்னுகூடத் தெரியாதுன்னீங்களே..." இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது. "இவருக்காகத்தாம்மா வலை விரிச்சேன். நீங்க வந்து விழுந்துட்டீங்க."

டாக்டரம்மாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. ஒரு கை மட்டும் ராணியின் மூக்கில் போய்த் தங்கியது.

"இது எங்கப்பா வண்டி," என்றாள். இப்போது அழுகை இல்லை. "மடியில உக்கார வச்சு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்தார். கல்யாணத்தப்ப சாவியை என் கையிலதான் கொடுத்தார். மறுநாளே இவர் வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். 'உனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியாது, தள்ளி உக்காரு'ன்னார். அன்னிக்குத் தள்ளி உக்காந்தவதான். ஊரெல்லாம் டாக்டர் வண்டி, டாக்டர் வண்டின்னு ஆயிருச்சு. சக்களத்தின்னு திட்ட ஆரம்பிச்சேன். திட்டினா ஏக்கம் கொஞ்சம் அடங்கும்."

செயலாளர் வாயிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஷெட்டுக்கு வந்திருக்கிறார்! காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போகும் இந்தம்மாவை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரா?

"இன்ஜினைக் கழட்டப் போறேன்னார். கழட்டி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'காயலான் கடைக்குப் போட்டுரு'ன்னார், பல்லைக் குத்திக்கிட்டே! அவரோட தூக்க மாத்திரையைத்தான் காபியில கலந்தேன். ஷட்டரை இறக்கினேன்."

"அதோட மார்க்கெட்டுக்குப் போயிருந்தா விபத்துன்னு முடிஞ்சிருக்கும். ஏம்மா திரும்ப வந்து அணைச்சீங்க?"

"போகத்தான் போனேன். பையை எடுத்துக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டேன். சத்தம் மாறுச்சு..." டாக்டரம்மா நிமிர்ந்தாள். "நின்ன இடத்துல ஓடிக்கிட்டே இருந்தா இவளுக்குச் சூடேறும். மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு வந்து எட்டிப் பாத்தேன். டெம்பரேச்சர் முள்ளு சிகப்புக்குப் போயிருச்சு! பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்க முடியும்? அணைச்சேன்... அப்பா காலத்துப் பழக்கம், கை தானா சாவியை ஆணியில மாட்டிருச்சு, ஷட்டரை மறுபடி இறக்கிட்டுப் போனேன்."

"பக்கத்துலயே உங்க வீட்டுக்காரர் இருந்தாரே. அவரைப் பாக்கலையா?"

"பாத்தேன்," என்றாள். "அவருக்கு முள்ளு இல்லையே."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும்போது டாக்டரம்மா ஒரே ஒரு தடவை திரும்பினாள். "அண்ணா... ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்கும். ஆறினப்புறம் ஊத்துங்க. சூட்டோட மூடியைத் திறந்துராதீங்க."

"சரிம்மா," என்றார் செயலாளர்.

உயிர் தப்பிவிட்டது! விலங்கு இல்லை. கம்பி இல்லை. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவர் கண் லாரியை விட்டு அகலவில்லை. ஆக்ஸிலில் துணி சுற்றி, ராணி மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேடம்... வண்டி இனிமே எங்க இருக்கும்?"

"ஸ்டேஷன் வாசல்ல. கேஸ் முடியற வரைக்கும்."

"கூரை இருக்குமா?"

"கூரையா? வெயில், மழை, காக்கா, எல்லாம் இருக்கும். கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ!"

செயலாளர் ஓடிப்போய் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்! மேடம்! லாக்கப்ல நிழல் இருக்கும்ல?"

"இருக்கும். அதுக்கென்ன?"

"அந்தம்மா ஓடிப் போகாது மேடம்... அதை வாசல்ல உக்கார வச்சிட்டு, வண்டியை உள்ள தள்ளிப் பூட்டுங்க!"