தேடுவோர் எண்

காலை பத்து மணிக்குள் நிகர்நாட்டில் முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. குமுதவல்லி தேநீரை ஓரமாக வைத்துவிட்டு முடிவைப் படித்தாள்.

நிகர்நாடு என்பது திருச்சித் தலைமைச் செயலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கணிப்பொறி. மாநிலத்தின் ஒன்பது கோடிப் பேருக்கும் அதற்குள் ஆளுக்கொரு நிகர், அச்சு அசலான கணிப்பொறிப் பிரதி, உண்டு. எந்த மசோதாவானாலும் முதலில் அந்த நிகர்கள் மீது பல ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்ப்பார்கள். திருட்டு கூடுமா, வேலை குறையுமா, ஆஸ்பத்திரி நிரம்புமா என்று தெரிந்த பிறகே அது சட்டமன்றத்துக்குப் போகும். தெரிந்துகொண்டு சொல்பவர் எடையாளர். சாய்வு வந்துவிடும் என்பதால் எடையாளருக்கு உறவும் நட்பும் கூடாது என்று விதி. குமுதவல்லி பதினோரு ஆண்டுகளாக அதை மீறியதில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவளை எதற்கும் அழைக்கவில்லை.

சிறையிலிருந்து விடுதலையாகிறவர்களை எங்கே குடிவைப்பது என்பதுதான் அன்றைய மசோதா. ஊர்த்தெருவில் வீடும் வேலையும் கொடுக்கலாம். ஆனால் போன இடமெல்லாம் மக்கள் மறியல் செய்தார்கள். இல்லையென்றால் கடலோர உப்புவெளியில் கட்டியிருந்த விலகூருக்கு அனுப்பலாம். நிகர்நாடு விலகூர் என்றது. திருட்டு பாதியாகக் குறையும், மறியல் இருக்காது.

பாதிக்கப்படும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேச எடையாளருக்கு அனுமதி உண்டு. சோதனை முயற்சியாக மூன்றாண்டு விலகூரில் இருந்த இருதயராஜ் வந்து உட்கார்ந்தார்.

“அங்கே உங்களுக்கு என்ன குறை?”

“குறைன்னு ஒண்ணும் இல்லீங்க மேடம். வீடு இருக்கு, சோறு இருக்கு. போன வருசம் பக்கத்து வீட்டுக்காரர் செத்துட்டாரு. ஒம்பது நாள் கழிச்சு மீட்டர் பாக்க வந்தவருதான் கண்டுபிடிச்சாரு. நான் ஒரு செவுரு தள்ளி இருந்தேன். எனக்கே தெரியல.” பிறகு கேட்டார்: “நான் செத்தா எத்தன நாள் ஆவும்னு இந்த மிசின்ல பாத்துச் சொல்ல முடியுங்களா?”

அவளால் சொல்ல முடியவில்லை. நிகர்நாடு குற்றத்தை எண்ணியது, நோயை எண்ணியது, புகாரை எண்ணியது. தனியாகக் கிடப்பவன் இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை. அதனால் அந்தக் கணக்கில் அவன் நன்றாகவே இருந்தான்.

மறுநாள் அவள் புதிதாக ஓர் அளவு சேர்த்தாள். ஒருவர் காணாமல் போனால் ஏழு நாளுக்குள் தேடக்கூடியவர்கள் எத்தனை பேர்? தொலைபேசிப் பேச்சு, வருகை போக்கு எல்லாவற்றையும் வைத்துப் பொறி அதைக் கணித்தது. தேடுவோர் எண் என்று பெயரிட்டு மறுபடி ஓட்டினாள். முடிவு தலைகீழானது. தேட ஆள் இருந்தவர்கள் சிறைக்குத் திரும்பவே இல்லை. ஊர்த்தெருவே வென்றது. இருதயராஜுக்குத் துறையூரில் வீடும் பஸ் டிப்போவில் வேலையும் கிடைத்தன.

“பிரமாதமான அளவுகோல்மா. இனிமே எல்லாத்துக்கும் இதையே வெச்சுக்கலாம்” என்றார் செயலர் பரந்தாமன்.

அன்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு ஆண்டு கழித்துக் காவிரி வற்றியது. நகரத்திலிருந்து ஐம்பதாயிரம் பேரையாவது வெளியேற்றாமல் தண்ணீர் போதாது. விலகூர் காலியாகக் கிடந்தது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருந்தது.

“குடும்பங்களைப் பிரிச்சா ரகளை ஆயிடும்” என்றார் பரந்தாமன். “தேடுவோர் எண் பூஜ்யமா இருக்கறவங்களை அனுப்பிடலாம். யாருக்கும் வலிக்காது.”

“அவங்களுக்கு வலிக்குமே சார்.”

“அதை எதுலம்மா அளக்கறது?”

நிகர்நாடு எவருக்கும் இழப்பில்லை என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டது. பட்டியல் திங்களன்று வெளியானது. அதன் முதல் பக்கத்திலேயே அவள் பெயர் இருந்தது.

தேடுவேன் என்று யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும், பெயரை நீக்கிவிடுவார்கள். அண்ணனின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஈரக் கையோடு ஒரு பெண் திறந்தாள்.

“எதிர்வீடுதான் நான்.”

“அங்கயா? அது காலியா கெடக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!”

குமுதவல்லி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கையெழுத்துன்னா பயமா இருக்கும்மா. அவரு ஊருக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கிழமை வந்ததும் கேட்டுச் சொல்றேன். இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

வண்டி வியாழக்கிழமையே வந்துவிட்டது.

விலகூரில் வீடு சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வந்தது. முதல் வாரம் அவள் யாரிடமும் பேசவில்லை. யாரும் அவளிடம் பேசவுமில்லை. பதினேழாம் நாள் காலையில் நிகர்நாட்டிலிருந்து செய்தி வந்தது.

‘உங்கள் தேடுவோர் எண்: 1. தேடியவர்: ஹாஜிரா பீவி, எதிர்வீடு. நான்கு முறை கதவைத் தட்டியுள்ளார். காவலாளியிடம் இரண்டு முறை விசாரித்துள்ளார். குடியமர்த்தப்பட்டவர்களுக்கு மறு அளவீடு ஐந்தாண்டுகளுக்குப் பிறகே.’

இடையில் அளந்தால் கணக்கு சாய்ந்துவிடும் என்று அந்த ஐந்தாண்டு விதியை எழுதியவள் அவள்தான். எழுதிய நாளில் அது மிகவும் நியாயமாகத் தெரிந்தது.

ஹாஜிரா பீவி. கதவைத் தட்டிய அன்று பெயரைக் கேட்கவே தோன்றவில்லை. அவள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.