காயாத கூடத்தில் காய்ந்த துணி

"அக்கா, என்னைப் பூட்டி வச்சிருக்காங்க. பெட்டியோட வாங்க." பாசிக்காரி சொல்லி முடிக்கவும் போன் அணையவும் சரியாக இருந்தது.

இறால் குஞ்சுப் பண்ணையில் தீனிக்குப் பாசி வளர்ப்பவள் அவள். பூட்டியதும் அந்தப் பாசி அறையிலேயேதான். கண்ணாடிச் சுவர், அணையாத விளக்குகள், பழுப்பு நீர் கொப்பளிக்கும் ஜாடிகள், உட்கார ஒரு முக்காலி. காலையில் முதல் தொட்டியின் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்திருந்தன. "பாசி கெட்டுப்போச்சு மாமா" என்று மாப்பிள்ளை வந்து மாமனார் காதில் ஊதியதுதான் தாமதம், முதலாளி பூட்டைத் தேடினார். சாயங்காலம் ஜாடிகள் சாக்கடைக்குப் போகும் என்று தீர்ப்பு. அவள் வேலையும், வேலையோடு கிடைத்த குடியிருப்பும் அதன் பின்னாலேயே.

கண்ணாடி வழியே அவளுக்கு எல்லாம் தெரிந்தது: இரண்டு தொட்டிகள், வெந்நீர்க் குழாய், கொடியில் நேற்றுக் காலை அவள் போட்ட துண்டு. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் எதுவும் லேசில் காயாது. பக்கத்தில் தீனி வடிகட்டும் துணிகள் இரண்டு.

நுண்ணோக்கி பழுது பார்க்கும் லென்ஸ் அக்கா வந்தாள். பின்னால் பெட்டியோடு அவள் கணவர். போகிற இடமெல்லாம் குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அது தவறாமல் தப்பான ஆளாக இருக்கும்.

"காவலாளிதான்! முழியே சரியில்ல."

"ராத்திரி பூரா முழிச்சிருந்தவர் முழி அப்படித்தான் இருக்கும். பெட்டியத் திறங்க."

செத்த குஞ்சுகளை நிதானமாகப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பின்னால பழுப்பு நூல் தொங்குது. பாசி தின்னு கழிச்ச நூல்."

"தின்னதாலதானே செத்துச்சு!" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டாம் தொட்டிக்கு எந்த ஜாடிப் பாசி?"

"ஒரே ஜாடிதான்க்கா! ஒரே வாளி!" காற்றுக்குழாய் நுழையும் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள் பாசிக்காரி.

"அது துள்ளிக்கிட்டு இருக்கே. அப்போ இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "முதல் தொட்டி ரெண்டு நாள் மூத்தது. நேத்துல இருந்து பாசியோட தூள் தீனியும் போடுறோம். அது மாப்பிள்ளை பொறுப்பு."

"எப்படிப் போடுறீங்க தம்பி?"

"சின்னக் கண்ணு வச்ச நைஸ் துணியில கட்டி, தண்ணிக்குள்ள கசக்கித்தான். இன்னைக்குக்கூட எட்டு மணிக்குப் போட்டேன்."

அக்கா தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குழாயில் வண்டலை உறிஞ்சி நுண்ணோக்கியில் வைத்து, முதலாளியைக் குனியச் சொன்னாள்.

"இது என்ன, பாறாங்கல்லு கணக்கா?"

"தூள் தீனி. பக்கத்துல இருக்கிறது குஞ்சோட தலை."

"தலையை விடப் பெருசா இருக்கே!"

"அப்புறம் எந்த வாயால தின்னும்? அடியில ஊறி அழுகி, தண்ணியக் கெடுத்துருச்சு. பாசியத் தின்னும் பிழைக்க முடியல."

"தூள் செஞ்ச கம்பெனிக்காரன் சரியில்ல போல" என்று மாப்பிள்ளை நழுவப் பார்த்தார்.

அக்கா கொடியருகே போனாள். "இந்தத் துண்டு?"

"என்னோடது! நேத்துக் காலைல போட்டது!"

"இன்னும் காயல. பெரிய குஞ்சுகளுக்கான இந்தப் பெரிய கண்ணுத் துணியும் சொட்டுது. நைஸ் துணி மட்டும் உப்புப் பூத்து அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. எட்டு மணிக்கு நனைஞ்சது பத்து மணிக்குள்ள எப்படித் தம்பி காஞ்சுது?"

"நைஸ்ல அரை மணி நேரம் கசக்கணும் மாமா. கை கடுக்குது" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்து.

"நான் அப்பவே இவரைத்தான் நினைச்சேன்" என்றார் கணவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியாமல், முதலாளி கதவைத் திறந்தார். பாசிக்காரி வெளியே பாயவில்லை. நிதானமாக ஒரு வாளி பாசி பிடித்து, வாசலில் நின்று நீட்டினாள்.

"ரெண்டாம் தொட்டிக்கு நேரம் தாண்டிருச்சு. தூக்குங்க மாப்பிள்ளை."

தூக்கினார். அவள் முதலாளியிடம் கையை விரித்தாள்.

"சாவி."

கொடுத்தார்.

"இனிமே இந்தக் கதவை உள்ள இருந்து நான் பூட்டிக்கிறேன்" என்றாள்.