இடப்பக்கம் ஒரு மயிரிழை

மேகத்துக்குள் நுழைந்து நான்கு நிமிடங்கள் ஆகியிருந்தபோது, கருவிப் பலகையிலிருந்த அடிவானக் கோடு ஒரு மயிரிழை சாய்ந்திருப்பதை நிரஞ்சனி கண்டாள்.

பக்கத்து இருக்கையிலிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தக் கருவி கெப்டன் ருஷ்தியின் முகத்துக்கு நேராக இருந்தது. துணை விமானியான அவள் வலப்பக்கம் உட்கார்ந்து அதைச் சரிவாகத்தான் பார்க்க முடியும். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. மேற்பாதி நீலம், அது வானம். கீழ்ப்பாதி மண்ணிறம், அது தரை. இரண்டும் சேரும் வெள்ளைக் கோடு அடிவானம். வெளியே எதுவும் தெரியாத நேரத்தில் விமானம் நிமிர்ந்து பறக்கிறதா, சாய்ந்து பறக்கிறதா என்று விமானிக்குச் சொல்வது அந்தக் கோடுதான். இப்போது அது, விமானம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றது.

காலையில் இரண்டு வெள்ளைக்காரர்களைத் திருகோணமலையில் இறக்கிவிட்டு, நான்கு பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தில் இருவர் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணி. நக்கிள்ஸ் மலைகளைத் தாண்டும்வரை வெயில் இருந்தது. பிறகு முன்னாலும் பின்னாலும் ஒரே சமயத்தில் மேகம் மூடிக்கொண்டது. கண்ணாடிகளுக்கு வெளியே ஈரத்துணியைப் பிழியாமல் தொங்கவிட்டதுபோல ஒரு வெண்மை. இறக்கையின் நுனிகூடத் தெரியாமல், மேல் எது கீழ் எது என்று கண்ணுக்குப் பிடிகொடுக்காமல், விமானம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாமல் அந்த வெண்மை ஒட்டிக்கொண்டு வந்தது. இயந்திரத்தின் ஒரே சீரான உறுமலும், பெட்ரோல் வாசனையும், அதற்கு அடியில் ரப்பர் கருகியதுபோல மெல்லிய இன்னொரு வாசனையும் மட்டும் உள்ளே இருந்தன.

"நானா, அந்தக் கோடு கொஞ்சம் சாஞ்சிருக்கா?" என்று கேட்டாள். ஆறு வருடமாக ஒன்றாகப் பறப்பவர்கள். மற்றவர்கள் கெப்டன் என்பார்கள். அவளுக்கு அவர் ருஷ்தி நானா, அண்ணன் மாதிரி.

"ஓ, கண்டேன். நிமித்துறேன்." ஸ்டியரிங்கை வலப்பக்கம் இரண்டு விரற்கடை திருப்பினார். அவள் முன்னாலிருந்த ஸ்டியரிங்கும் கூடவே திரும்பியது. இரண்டும் உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டவை. ஒருவர் திருப்புவது மற்றவர் கைக்கும் தெரியும்.

கோடு நேராகியது. இன்னும் பத்து நிமிடத்தில் கண்டி கீழே வரும். மஹய்யாவை வீட்டின் கொங்கிரீட் கூரைத் தட்டில் நிரஞ்சனியின் அம்மா பேச்சியம்மா குடையோடு ஏறி நின்று விமானச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள்.

கோடு மறுபடி சாய்ந்தது. அதே பக்கம், அதே மயிரிழை.

ருஷ்தி மறுபடி வலப்பக்கம் திருப்பினார். அது நேரானது, நேரான உடனேயே மறுபடி சாய்ந்தது. உட்காரத் தெரியாத குழந்தையை நிமிர்த்தி நிமிர்த்தி வைப்பதுபோல அவரும் சலிக்காமல் திருப்பிக்கொண்டே இருந்தார். நிரஞ்சனியின் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நேராக உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது. அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை, ஏனென்றால் மேகத்துக்குள் உடம்பு சொல்வதை நம்பக்கூடாது என்பது எந்த விமானிக்கும் முதல் பாடம். காதுக்குள் இருக்கும் நீர் மெல்லிய சாய்வுக்குச் சீக்கிரமே பழகிவிடும், அதன்பிறகு தலைகீழாகக் கொண்டுபோனாலும் நேராக இருப்பதாகவே சொல்லும்.

அதனால் மற்றக் கருவிகளைப் பார்த்தாள்.

அடிவானத்துக்குக் கீழே இன்னொரு கருவி. விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டுவது, மின்சாரத்தில் ஓடுவது. அதிலிருந்த குட்டி விமானப் படத்தின் வலது இறக்கை நன்றாகத் தாழ்ந்திருந்தது. உச்சியில் தொங்கிய திசைகாட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உயரம் ஆறாயிரத்து ஐந்நூறு அடியிலிருந்து ஆறாயிரத்து முந்நூறுக்கு வந்திருந்தது. வேகம் கூடியிருந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன முள். இயந்திரம் காற்றை உறிஞ்ச, அந்த உறிஞ்சலில்தான் அடிவானக் கருவிக்குள் இருக்கும் சக்கரம் சுழல வேண்டும். உறிஞ்சலின் அளவைக் காட்டும் அந்த முள் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது.

கருகிய வாசனை எதுவென்று அவளுக்கு விளங்கியது. காற்றை உறிஞ்சும் பம்ப் உடைந்திருக்கிறது. சக்கரம் வேகம் குறைந்து, தள்ளாடி, மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறது. சாய்வது விமானம் இல்லை, கருவி. அதை நிமிர்த்துவதாக நினைத்து ருஷ்தி நல்ல விமானத்தை வலப்பக்கம் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"நானா, ஹொரைசன் கோடு செத்துப்போச்சு. பம்ப் வேலை செய்யல. அதப் பாக்காதீங்க, கீழ உள்ளதப் பாருங்க. நாம வலப்பக்கம் சுத்திக்கிட்டிருக்கோம்."

"இல்ல தங்கச்சி."

"முள்ளப் பாருங்க. பூச்சியத்துல நிக்குது."

"முள்ளு பழுது." அவர் முள்ளைப் பார்க்கவில்லை. கண் வட்டக் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. "இது சரியாத்தான் ஈக்குது. ஒங்களுக்குத் தல சுத்துது. கண்ண மூடிட்டு ஈங்க."

குரலில் கோபம் இல்லை. பதற்றமும் இல்லை. ஆறு வருடத்தில் எத்தனையோ கருவிகள் பழுதாகி, இருவரும் ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்த்து, சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். அவள் சொல்லி அவர் பார்க்காமல் விட்டதே கிடையாது. நிரஞ்சனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இமைக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்த நீலமும் மண்ணிறமும் இரண்டு கருமணிகளிலும் சின்னதாகச் சாய்ந்து தெரிந்தன. நேசமான ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோல உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

வெளியே காற்றின் சத்தம் மாறியது. உறுமலுக்கு மேலே மெல்லிய ஓர் ஊளை.

ஐயாயிரத்து எண்ணூறு.

ரேடியோவில் யாரோ அவர்களைக் கூப்பிட்டார்கள். உயரம் ஏன் குறைகிறது என்று கேட்டார்கள். நிரஞ்சனி பதில் சொல்ல வாயெடுத்தாள். ருஷ்தி கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

"சத்தம் வாணாம்," என்றார். "இதுக்கு இடைஞ்சல்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன் பக்கத்து ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். அது நகரவில்லை. ருஷ்தி ஒரு கையால்தான் பிடித்திருந்தார். சுவரில் பதித்த இரும்பைத் திருப்புவதுபோல இருந்தது.

"விடுங்க நானா! என் கைல தாங்க!"

அவர் முழங்கை அவள் முகத்தில் இறங்கியது.

மூக்கெலும்பு நொறுங்கிய சத்தத்தை அவள் தலைக்குள்ளிருந்து கேட்டாள். வாயெல்லாம் சூடான உப்பு. கண் திறந்தபோது வெள்ளைச் சட்டை முன்புறம் முழுக்கச் சிவப்பு. ருஷ்தி வட்டக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

நான்காயிரத்துத் தொள்ளாயிரம். ஊளை இப்போது அலறல். கதவுகள் சட்டத்துக்குள் கிடந்து அடித்தன. ஏதோ ஒன்று அவளை இருக்கைக்குள் வைத்து அழுத்தியது. கன்னச் சதை கீழே இழுபட்டது. எங்கோ கீழே மலைகள் இருந்தன. எந்தப் பக்கம் கீழ் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி பாய்ந்தாள். அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் முட்டும்வரை கடித்தாள். ரத்தம் அவள் நாக்கில் வழிந்தது. கை அசையவில்லை. மற்றக் கை வந்து அவள் கழுத்தைப் பிடித்தது. பெருவிரல் குரல்வளையில் அமுங்கியது. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தொந்தரவு செய்யும் பூனையை ஒதுக்குவதுபோல, கண்ணைக் கருவியில் வைத்துக்கொண்டே நெரித்தார்.

கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் பறந்தன. அவள் கை இருக்கைகளுக்கு நடுவே துழாவியது. சில்லென்று இரும்பு. தீயணைக்கும் சிவப்பு உருளை. கொக்கியிலிருந்து பிடுங்கினாள்.

அடித்தாள். காதுக்கு மேலே. கழுத்தைப் பிடித்த கை தளரவில்லை.

அடித்தாள். ஈரமான ஏதோ உடைந்தது. கை தளர்ந்தது.

மூன்றாவது அடி தேவையில்லை. ஆனாலும் அடித்தாள். நான்காவதும்.

ருஷ்தியின் தலை பக்கத்துக் கண்ணாடியில் சாய்ந்தது. தோள் பட்டி உடம்பை இருக்கையோடு பிடித்துக்கொண்டது. காதுக்கு மேலே தலை இருந்த வடிவம் இல்லை. அவள் இரண்டு விரலை அவர் கழுத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபக்கம் வைத்தாள். ஒன்றுமில்லை.

அழ நேரமில்லை. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாள். மடித்து வைத்திருந்த வரைபடத்தைச் செத்த அடிவானத்தின் மேல் செருகி மறைத்தாள். மின்சாரக் கருவியை மட்டும் பார்த்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். இப்போது அது திரும்பியது. வலது இறக்கை எழுந்தது. விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தினாள். அலறல் ஊளையாகி, ஊளை அடங்கியது. திசைகாட்டி நின்றது. உயரம் மூவாயிரத்து அறுநூறில் நின்றது.

மேகம் கிழிந்தது.

கீழே கண்டி. ஏரி, அதைச் சுற்றி ஊரும் வாகனங்கள். பஹிரவகந்தைக் குன்றில் வெள்ளைப் புத்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மஹய்யாவையின் தகரக் கூரைகள் மழை ஈரத்தில் மினுங்கின. எல்லாம் அதனதன் இடத்தில், கீழ் கீழேயே இருந்தது. நிரஞ்சனி வாய்விட்டு அழுதாள். "அம்மா" என்றாள். உடைந்த மூக்கில் மூச்சு குமிழியிட்டது. வலப்பக்கம் ஹந்தானை மலை அவளைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது. அதைவிட்டு விலகி, பள்ளத்தாக்கு வழியாகப் போய்விடலாம். ரேடியோவைப் போட வேண்டும்.

ஸ்டியரிங் அவள் கைக்குள் திரும்பியது.

வலப்பக்கம். இரண்டு விரற்கடை.

காற்று என்று நினைத்து நேராக்கினாள். மறுபடி திரும்பியது. காற்றில் அப்படித் திரும்பாது. அளந்து திருப்பியதுபோல. சலிக்காமல்.

அவள் இடப்பக்கம் பார்த்தாள்.

ருஷ்தியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. எப்போது வைத்தார்? தலை அதே இடத்தில் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. கண்ணாடியில் வழிந்த ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. கைகள் மட்டும் திருப்பின.

நிரஞ்சனி ஒரு விரலால் வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கினாள்.

கோடு சாய்ந்தது. கைகள் திருப்பின. கோடு இன்னும் சாய்ந்தது. கைகள் இன்னும் திருப்பின.

"வேணாம் நானா," என்றாள். "வெளிய பாருங்க. எல்லாம் தெரியுது. வெளிய பாருங்க!"

உருளையால் கண்ணாடிக் கருவியை அடித்தாள். அது நொறுங்கியது. நீலமும் மண்ணிறமும் துண்டாகி ருஷ்தியின் மடியில் விழுந்தன. கைகள் திருப்பின.

அவர் விரல்களைப் பிரித்தாள். முடியவில்லை. சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு மடக்கினாள். விறகு முறியும் சத்தம். அடுத்தது. அடுத்தது. கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக முறித்தாள். இடது கை கழன்றது. வலது கை. நான்கு விரல். பெருவிரல். கழன்றது. அவள் இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்தாள்.

முன்கண்ணாடியில் மலை. பச்சை. தேயிலை நிரைகள். நிரைகளுக்கு நடுவே கொழுந்து பறிக்கும் பெண்கள், வேலையை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து, முகம் தெரியும் தூரத்தில்.

இழுத்தாள். இறக்கை எழுந்தது. எழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் எலும்பு உரசும் சத்தம். முறிந்து பின்பக்கம் மடங்கித் தொங்கிய பத்து விரல்களும், ஒவ்வொன்றாக, மெல்ல முன்னால் வந்து, ஸ்டியரிங்கைச் சுற்றி மூடிக்கொண்டன.