கயிறு பிடிப்பவன்

"ஏனுங்க... அந்தப் புள்ளையத் தனியாவா கெணத்துக்குள்ள எறக்குறீங்க?"

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும் சண்முகப்பிரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். மழைக்கு ஒதுங்கிய புதுச்சத்திரம் பேக்கரியில், மடியில் லேப்டாப்பை விரித்து, தான் உருவாக்கிய வீடியோ கேமைத் தானே ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் வரைந்த நாயகி, வாளும் லாந்தருமாக ஒரு பாழுங்கிணற்றுக்குள் தளம் தளமாகப் பூதங்களை வெட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்றவன் கையில் டீ; வாசலில் அவன் வந்த போர்வெல் ரிக் லாரி. சட்டையெல்லாம் பாறைத் தூசி. அதன் மேல் மழை கோடு கோடாய் இறங்கியிருந்தது. ஆனால் அந்தக் கண்கள்... அப்பப்பா, நனைந்த கருங்கல் மாதிரி மின்னின!

"அவ வீராங்கனைங்க. தனியாத்தான் போவா."

"எங்கூர்ல தூர் வார எறங்குற ஆளுக்கே மேல ஒருத்தன் கயிறு புடிச்சு நிப்பானுங்க. அப்பப்பக் குரல் குடுப்பான். இவளுக்கு ஆரு இருக்கறா?"

"பத்துத் தளம், பத்துப் பூதம், பத்து வாளு... போதாதுங்களா?"

"மேல வான்னு ஆருமே கூப்புடலீன்னா, அவ எதுக்குங்க ஏறி வாரது?"

சுருக்கென்றது அவளுக்கு. ஆடிப் பார்த்த எல்லோரும் மூன்றாம் தளத்திலேயே விட்டுவிட்டார்கள். தோழி மஞ்சுளா தூங்கியே போனாள். பத்து நாளில் கோவை கேம் போட்டிக்கு அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் கேமை மூட்டை கட்டிவிட்டு அப்பாவின் நூல் மில்லில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வருட உழைப்பு... போர்வெல் போடுகிறவனா பாடம் நடத்துவது?

"நீங்க உங்க போரைப் போடுங்க. எங்கதைய நான் பாத்துக்கறேன்."

"கோவிச்சுக்காதீங்க சாமி... எம்பேரு தர்ஷன். நம்பர் தரட்டுங்களா?"

"ஒண்ணும் வேண்டாங்க!"

சிரித்துக்கொண்டே ரிக் லாரியில் ஏறிப் போய்விட்டான். அந்த லாரியின் முதுகில் முழ நீளத்துக்கு எழுதியிருந்த நம்பரை அவள் கண் ஏன் படித்தது... மனசு ஏன் மறக்கவில்லை?

மூன்று நாள் வீறாப்பாக இருந்தாள். நான்காம் நாள், கிணற்று மேட்டில் கயிற்றோடு ஒருவனை வரைந்தாள். சட்டையில் தூசி... கண்ணில் கருங்கல். தளத்துக்குத் தளம் அவன் கூப்பிட, லாந்தர் பிரகாசமாகும். எல்லாம் சரி, குரல்? யாரைப் பேச வைத்தாலும் ஒட்டவில்லை. வெட்கத்தை விழுங்கிவிட்டுப் போன் போட்டாள்.

"ரிக் வேணுங்களா? எத்தன அடிங்க?"

"பத்துத் தளம்... நான் சண்முகப்பிரியா பேசறேனுங்க."

மறுமுனையில் ரிக்கின் இரைச்சல் நின்றது. பிறகு மெதுவாக, "எங்க வரோணுங்க?"

அதே பேக்கரி, அதே மழை. மைக்கை நீட்டினாள்.

"என்னன்னு கூப்புடோணும்?"

"அவளுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க. நீங்களே... வெச்சுக் கூப்புடுங்க."

அவன் கண்ணை மூடினான்.

"பிரியா... இருக்கறயா? நாங் கயிற உடல. எத்தன நேரமானாலும் உடமாட்டேன். மேல வா சாமி!"

"வாரேனுங்க..."

சொன்னது தன் வாய்தானா? மைக் அதையும் பதிந்துகொண்டிருந்தது. கன்னம் சுட்டது.

"இது கதைக்குங்களா... நெசமாவா?" என்றான் அவன், கண்ணைத் திறக்கப் பயந்தவனாக.

"ரெண்டுக்குந்தானுங்க."

கடைசி நாளில் மஞ்சுளா போனில் கத்தினாள்: "அடியே, பத்தாந்தளமும் தாண்டிட்டேன்! அந்த 'வாரேனுங்க'ன்னு சொல்றது ஆருடி? என்னமா நடிச்சிருக்கறா!"

"அவ நடிக்கலடி..." என்று சொல்லிக்கொண்டே, போட்டிக்கு அனுப்பும் பொத்தானைச் சண்முகப்பிரியா அழுத்தினாள்.