ஊதாப் பொட்டு

அண்ணன் தமிழரசுவின் தறிப்பட்டறைக்குள் நுழைந்ததும் பிரவீனாவை உறுத்தியது குழந்தையின் விரல்தான். தறிகள் தடக் தடக்கென்று சுவரையும் விட்டத்தையும் உலுக்க, கஞ்சிப்பசையும் எண்ணெயும் நாறும் அந்திக் கருக்கலில், விட்டத்தில் கட்டிய தூளிக்கு வெளியே எட்டு மாதப் பிள்ளையின் கால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆனால் சுண்டுவிரலில், போலியோ சொட்டு மருந்து போட்டதற்கு அடையாளமாக வைக்கும் மை, வாரக்கணக்காகியும் மங்கவில்லை.

அவள் ஆய்வகத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். இந்தத் தெருச் சாக்கடைத் தண்ணீரைச் சோதித்தவளே அவள்தான். மருந்திலிருக்கும் வலுவற்ற வைரஸ் சில வாரம் மலத்தில் வெளியேறி ஓய்ந்துவிடும். சாக்கடையில் அவள் கண்ட வைரஸ் ஓயவில்லை. எதிர்ப்புச் சக்தியற்ற ஏதோ ஒரு குடலில் மூன்று வருடம் தங்கி, மரபணு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, முடமாக்கும் வலுவைத் திரும்பப் பெற்றிருந்தது. மருந்து குடித்த பிள்ளை தப்பிக்கும். குடிக்காத பிள்ளை?

பிறந்ததிலிருந்து பேதியும் காய்ச்சலுமாகக் கிடக்கும் அண்ணன் மகள், மூன்று வயது யாழ்மொழி, தம்பிக்குச் சப்பத் தன் விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குச் சொட்டு மருந்து போட்டீங்களாண்ணா?"

"வெரல்ல மை இருக்குதல்ல? படிச்ச புள்ளைக்குக் கண்ணு தெரியலையாட்ட இருக்குது!"

அவள் தறியில் வெள்ளைத் துணிக்குக் கரையாக ஓடிய ஊதா நூலைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். ஒரே நிறம்.

"இது நம்ம சாயம்."

"சளி புடிச்சிருந்துச்சு சாமி. வேண்டாம்னா அந்த நர்சம்மா உடுதா? ஊடேறி வந்து உசுர வாங்குது. அதான் ஒரு பொட்டு வெச்சு ஏமாத்திப்போட்டேன். போன வாரத்துக் காய்ச்சல்கூடத் தானா எறங்கிருச்சு."

காய்ச்சல். போலியோ முதலில் அப்படித்தான் வரும்.

சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதினாள். மறுபடி மோதினாள். கைக்குக் கிடைத்த நூல்கட்டையால் வாயிலேயே அறைந்தாள். பல் உடைந்து ரத்தம் வெள்ளைத் துணியில் தெறித்தது. அவன் அவள் கூந்தலைச் சுருட்டி இழுத்துத் தூளிப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"பாருடி! எப்புடி ஒதைக்கறான் பாரு!"

பார்த்தாள். இரண்டு கால்களும். தடக். தடக். தறி அடிக்க அடிக்க. பிசகாமல்.

கரண்ட் போனது.

தறி நின்றது.

கால்களும் நின்றன.

பிரவீனா பிஞ்சுப் பாதத்தை அழுந்தக் கிள்ளினாள். குழந்தை வீறிட்டது. கால் அசையவில்லை. அண்ணன் கை அவள் கூந்தலிலிருந்து நழுவியது.

இருட்டில் யாழ்மொழி எழுந்து வந்தாள். ஈர விரல்களால் தூளியைப் பற்றினாள். பலங்கொண்ட மட்டும் உலுக்கினாள்.

"அழுவாதீங்க அத்தே. பாருங்க, தம்பி ஒதைக்கறான்."