புருவங்களுக்கு நடுவில்

அவள் கதவைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, தோள்பையை நாற்காலியில் போட்டபோது, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா, பார்க்காமலே கேட்டாள்:

"மறுபடியும் எங்க போயிட்டு வர்றே? இப்பதானே வந்தே?"

அம்மா கேட்பதற்கெல்லாம் அர்த்தம் தேடினால் அது சம்பளமில்லாத இன்னொரு வேலை. அம்மாவின் ஞாபகம் இரண்டு வருடமாகவே கரைந்துகொண்டிருந்தது. "ஆமாம்மா, சின்ன வேலை" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா பால் குடிக்கும் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை அவள் பகல் அக்கா என்று கூப்பிடுவாள். பகல் அக்கா வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பி எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முக்கால் மணி நேரமாகவா ஒரு கிண்ணம் சொட்டும்? யோசிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அவள் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள்.

விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தவர்கள் வந்து நிற்கும் கவுண்டரில்தான் அவளுக்குப் பதினேழு வருடமாக வேலை. பெட்டி தொலைத்தவர் எவரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. எங்கோ ஒரு ஊரில் இறங்க வேண்டிய பெட்டி வேறெங்கோ சுற்றிக்கொண்டிருப்பதற்கு அவள்தான் காரணம் என்பது போலக் கத்துவார்கள். கேட்டுக் கேட்டே அவள் புருவங்களுக்கு நடுவில் நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. கோபமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கோபமாக இருப்பதாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கூட வேலை செய்யும் சின்னப் பெண்கள் அவளுக்குக் கடுகடு அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதத்துக்கு முன் ஒருநாள் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பயணிங்க உங்க முகத்தைப் பத்தியே புகார் பண்றாங்க. இப்படியே போனா பின்னாடி கிடங்குக்கு மாத்திடுவாங்க. அங்க நைட் ஷிஃப்ட்தான்."

நைட் ஷிஃப்ட் என்றால் இரவில் அம்மாவை யார் பார்ப்பது? அந்த ஒரு கேள்விக்காகத்தான், நெற்றித் தசையை அசையாமல் செய்து கோடுகளை மறைக்கும் ஊசி போட்டுக்கொள்ள அவள் தோல் டாக்டரிடம் போனாள், அழகுக்காக இல்லை. அழகைப் பற்றி யோசித்து அவளுக்கு வெகுகாலமாயிற்று.

டாக்டர் அவளைவிட வயதில் சின்னவள், கலகலப்பானவள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறாளா என்றெல்லாம் விசாரித்தபின், கையில் வெள்ளைப் பென்சிலோடு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கே, நல்லா கோவமா பாருங்க."

அவள் பார்த்தாள்.

"அம்மாடியோவ்!" என்று டாக்டர் சிரித்து, சுருங்கிய இடங்களில் புள்ளி வைத்தாள். ஊசி ஒவ்வொன்றும் எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலித்தது. முடிந்ததும் அவள் கண்ணாடியைக் கேட்டாள்.

"முதல் தடவை வர்றவங்க எல்லாரும் உடனே கண்ணாடியைத்தான் கேப்பாங்க. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மூணு நாலு நாள்ல மெல்ல ஆரம்பிக்கும், முழுசா தெரிய ரெண்டு வாரம் ஆகும். லேசா தலை வலிக்கலாம். நாலு மணி நேரம் படுக்காதீங்க. முக்கியமா அந்த இடத்தை அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க. மருந்து பக்கத்துல பரவிட்டா கண்ணிமை தொங்கிடும்."

"பிடிக்கலேன்னா எடுத்துடலாமா?"

"போட்டதை எடுக்க முடியாது. மூணு நாலு மாசத்துல தானா வடிஞ்சிடும்."

"அப்ப அதுவரைக்கும் கோவம் வராதா டாக்டர்?"

"கோவமெல்லாம் நல்லா வரும். முகத்துல வராது, அவ்வளவுதான்."

டாக்டர் சொன்ன அத்தனையையும் அவள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். பேருந்தில்கூடச் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். ஆனால் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, அதை டாக்டரிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பெயர், முகம், குரல் என்று அம்மா ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தபிறகு மகளை அடையாளம் காண அம்மாவுக்கு மிஞ்சியது அந்த இரண்டு கோடுகள்தான். தினமும் விளக்கை அணைக்கும் முன் அம்மா கையை நீட்டுவாள். இவள் குனிவாள். அம்மா கட்டைவிரலால் அந்தக் கோடுகளை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்து, "ம், நீதான்" என்பாள். அதன்பிறகுதான் தூங்குவாள்.

அன்றும் அம்மா கையை நீட்டினாள். இவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அம்மா முனகத் தொடங்கினாள், பிறகு அழத் தொடங்கினாள். அந்த அழுகை விடிய விடிய நிற்காது என்று இவளுக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் போக வேண்டும். கண்கள் எரிந்தன. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடும் என்று குனிந்தாள்.

அம்மா அன்று வெகுநேரம் தேய்த்தாள். என்றைக்கும் இல்லாத பலத்தோடு, ஏதோ கறையைத் துடைப்பது போல அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஊசி போட்ட இடங்கள் கடுத்தன. கடைசியில் விரலை எடுத்து, அதையே உற்றுப் பார்த்து, "வந்துடுச்சு" என்றாள். கையை மூடிப் பத்திரமாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் நெற்றி வழுவழுவென்று ஆனது. இடது இமை மட்டும் சிறிது தொங்கியது. டாக்டரைப் போனில் கேட்டதற்கு, "தேய்ச்சீங்களா? சொன்னேனே! பயப்படாதீங்க, சில வாரத்துல சரியாயிடும்" என்றாள். சூப்பர்வைசர் பாராட்டினார். சின்னப் பெண்கள் கிரீம் பெயர் கேட்டார்கள். அம்மா மட்டும் இரவில் அவள் நெற்றியைத் தடவி, தேடி, கிடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டுவதையே விட்டுவிட்டாள். ஆனாலும் அழாமல் தூங்கினாள். அதுதான் இவளுக்கு வியப்பாக இருந்தது.

கிண்ணம் சொட்டிய அந்த மாலை, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு அவள் அம்மாவின் அருகே உட்கார்ந்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"வேணாம்மா. என் பொண்ணு ஊட்டிட்டா."

"நான்தான்மா உன் பொண்ணு."

அம்மா அவளை மரியாதையாகப் பார்த்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதைப் போல. "நீங்க நல்லவங்களா தெரியுறீங்க. ஆனா அவ உள்ள தூங்குறா, பாவம். களைச்சுப் போயிட்டா. சத்தம் போடாதீங்க."

பெற்ற தாய் தன்னை நீங்க என்று சொன்னதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.  அதற்குப் பிறகுதான் அம்மாவின் உதட்டோரத்தில் காய்ந்திருந்த பால் கண்ணில் பட்டது. அவள் எழுந்து தன் அறைப் பக்கம் நடந்தாள். குளியலறைக் குழாயின் சொட்டும், மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தமும், குளிர்சாதனப் பெட்டியின் ஓயாத உறுமலும் அன்றாடம் கேட்பவைதான் என்றாலும் அவற்றுக்கு அடியில் வேறொரு சத்தம், மெதுவாக இழுத்து மெதுவாக விடும் மூச்சு, தன்னுடையதா வேறு யாருடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கேட்டது. கதவைத் தள்ளினாள். மூச்சு நின்றது. அறையில் யாரும் இல்லை. காலையில் இழுத்து விரித்த படுக்கை கசங்கிக் கிடந்தது. ஊசி போடும் முன் பஞ்சால் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை அடித்தது. தலையணையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஜன்னல் பக்கம் வெயிலே வராது. அன்று அவள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் மதியம் கவுண்டரில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டியில் யாருக்கோ போட வேண்டிய கல்யாண உடுப்பு இருந்ததாம். கத்தக் கத்த அவளுக்கு உள்ளே கோபம் பொங்கியது, அவ்வளவு வருடத்துக் கோபமும் சேர்ந்து. கவுண்டர் கண்ணாடியில் தெரிந்த அவள் முகமோ, கோயில் சிலை மாதிரி சாந்தமாக இருந்தது. அந்த மனிதரே சற்று நேரத்தில் கத்துவதை நிறுத்தி, "உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பகல் அக்காவின் கைப்பேசிக்கு அடித்தாள். பின்னால் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

"எங்க இருக்கீங்க அக்கா? அம்மா தனியாவா இருக்காங்க?"

"என்ன மேடம் கேக்குறீங்க? நீங்கதானே மத்தியானமே வந்து, நான் பார்த்துக்கறேன் கிளம்புங்கன்னு சொன்னீங்க?"

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க மேடம். என்ன கோவம் அது! நெத்தியெல்லாம் சுருங்கி, பழையபடி ஆயிட்டீங்க. ஏன்னு கேக்கவே பயமா இருந்துச்சு. ஆனா அம்மாவுக்குத்தான் ஒரே சந்தோஷம். கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

பையை எடுத்தாளா, யாரிடமாவது சொன்னாளா, எதுவும் நினைவில்லை. டாக்சியில் உட்கார்ந்திருந்தாள். திருடியாக இருக்கும், அம்மாவை ஏதாவது செய்துவிடுவாள் என்று பயந்தாள். அந்தப் பயத்துக்கு அடியில் அதைவிட மோசமாகப் பொறாமை இருந்தது. அம்மா இவள் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று!

லிஃப்ட் மேலே போய்விட்டிருந்தது. படியேறினாள். வராந்தா விளக்கு எரிந்தது. சாவியைப் போட்டாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உயரத்தில் இருக்கும் அந்தத் தாழ்ப்பாளை, கட்டிலை விட்டு எழுந்திருக்காத அம்மாவால் போட முடியாது.

உள்ளே அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கதவில் காதை வைத்தாள்.

"போதும் பாப்பா, வயிறு நிறைஞ்சிடுச்சு."

"இன்னும் ஒரே வாய்மா."

அவளுடைய குரல். நாளெல்லாம் கவுண்டரில் பேசிக் கரகரத்த குரல். ஒலிப்பதிவில் கேட்பது போல, கொஞ்சம் அந்நியமாக.

அவள் கதவைத் தட்டினாள். அறைந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தினமும் அவளுக்கு வணக்கம் சொல்லும் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"சார், நான்தான் சார்! உள்ள யாரோ இருக்காங்க. போலீஸைக் கூப்பிடுங்க!"

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடம்பு நடுங்குகிறது, குரல் உடைகிறது, முகம் மட்டும் எதுவுமே நடக்காதது போல அமைதியாக இருக்கிறது. அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"அந்த வீட்டுப் பொண்ணா? அவங்க உள்ளதான் இருக்காங்க. இப்பதான் பால் வாங்கிட்டு என்கூட லிஃப்ட்ல வந்தாங்க." அவர் கதவு மூடிக்கொண்டது. பூட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே காலடி. தாழ்ப்பாள் இறங்கியது. கதவு திறந்தது, சங்கிலியின் நீளத்துக்கு மட்டும்.

இடுக்கில் அவளுடைய முகம்.

களைத்த கண்கள். அவளுடைய பழைய நைட்டி. புருவங்களுக்கு நடுவில், பகல் அக்கா பார்த்த சுருக்கம் எதுவும் இப்போது இல்லை. சும்மா, மெல்லிய தோல். காத்திருப்பது போல. அதன் தோளுக்குப் பின்னால் அம்மா. மாதக்கணக்கில் எழுந்து நிற்காத அம்மா, நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! நான்தான்மா! என்னைப் பாரும்மா!"

அம்மா பார்த்தாள். தெரியாதவளைப் பார்ப்பது போல.

காட்ட வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் புருவங்களை நெரித்தாள். அசையவில்லை. மறுபடியும். பல்லைக் கடித்து, இருக்கும் பலம் முழுவதையும் நெற்றிக்கு இழுத்தாள். அசையவில்லை. பயம் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. நெஞ்சிலிருந்து கண்ணுக்கு. அதற்குமேல் போக வழியில்லை.

இடுக்கில் இருந்த முகத்தில் ஒரு கோடு விழுந்தது.

இன்னொன்று. ஆழமாக. உதடுகள் நடுங்கின. கண்கள் விரிந்தன. அவள் பயப்பட்டாள், அந்த முகம் பயந்தது. அவள் அழுதாள், அந்த முகம் கோணியது. அவளிடமிருந்து ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாம் அங்கே போயிற்று.

அம்மா அதைக் கண்டுகொண்டாள். பதறிப்போய் இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஏன் பாப்பா இப்படி நடுங்குறே? ஒண்ணுமில்லடா. அம்மா இருக்கேன்ல."

தலையை நிமிர்த்தி, வாசலில் சாந்தமாக நின்றவளைப் பார்த்தாள்.

"போயிடுங்கம்மா. என் பொண்ணு உங்களைப் பார்த்துப் பயப்படுறா."

கதவை அம்மாவே சாத்தினாள்.